நூலில் நின்ற அறமும் இல்லத்தில் நின்ற அறமும்

1880-களின் தொடக்கத்தில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணிச் சுவடியோடு போராடிக்கொண்டிருந்தார். நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தது. எனினும் நூலின் சமயக் கருத்துகள் பிடிபடவில்லை. அவ்வூரிலேயே சமணர் வாழ்கின்றனர் என்று அறிந்து அவர்கள் வீதிக்குச் சென்றார். அங்கே ஓர் இல்லத்தின் வாயிலில் மாவிலைத் தோரணமும் கோலமும் விழாக்கோலம் காட்டின. என்ன விசேடம் என்று வினவினார். சிந்தாமணி சிரவணம் அன்று நிறைவெய்தியது என்ற விடை வந்தது. தாம் புரியாமல் தவித்த நூலை ஒரு குடும்பம் வீட்டிற்குள் இருந்து ஓதி, கேட்டு, நிறைவு நாளைத் திருநாளாகக் கொண்டாடுவதைக் கண்டு அவர் வியந்தார். வீடூர் அப்பாசாமி நயினார், சந்திரநாத செட்டியார் முதலிய சமணப் பெருமக்கள் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது.

இந்நிகழ்ச்சி தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றில் பெருமையோடு சொல்லப்பட்டு வருவதே. ஆயின் அதன் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சிந்தாமணிக்குப் பின் சில ஆண்டுகளில் ஐயர் மணிமேகலையை எடுத்தார். சொற்பொருள் ஒருவாறு விளங்கியது. சமயப் பொருள் விளங்கவில்லை. இம்முறை சென்று வினவ ஒரு வீதி இல்லை. தோரணம் கட்டிய ஒரு வாயிலும் இல்லை. அது பௌத்த நூல் என்பதை அவருக்குத் தெளிவுபடுத்தி, பௌத்தக் கோட்பாடுகளை விளக்கி உதவியவர் அக்கல்லூரியைச் சேர்ந்த மளூர் இரங்காசாரியர் என்னும் வைணவ அறிஞர். அவரும் அவற்றைக் கற்றது தமிழகத்துப் பௌத்தர் எவரிடமும் அன்று; மேனாட்டார் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களின் வாயிலாகவே. 1898-இல் மணிமேகலை வெளிவந்தபோது புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகளையும் ஐயர் உடன் சேர்க்க வேண்டியிருந்தது. தமிழில் தோன்றிய காப்பியத்தின் சமயத்தைத் தமிழருக்கே புதிதாக அறிமுகம் செய்ய வேண்டிய நிலை அன்று இருந்தது.

இரண்டு சமயங்களும் ஒரே மண்ணில் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேரூன்றியவை. ஒன்றன் நூலுக்குப் பொருள் சொல்ல வீடுகள் இருந்தன. மற்றொன்றின் நூலுக்கு இல்லை. இவ்வேறுபாட்டின் காரணமும், அவ்வீடுகளை மீண்டும் எழுப்ப அண்மைக் காலத்தில் நடந்த முயற்சியும் சமணக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

மறைந்தவையும் மறையாதவையும்

தமிழகத்தில் பௌத்தம் எளிய நிலையில் இருந்த சமயம் அன்று. காவிரிப்பூம்பட்டினமும் காஞ்சியும் நாகப்பட்டினமும் அதன் பெருநிலையங்கள். முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டது. 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் வீரசோழியம் இயற்றினார். நாகப்பட்டினத்தில் 1856 முதலாக மண்ணிலிருந்து வெளிப்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் 350-க்கும் மேற்பட்டவை. அங்கே எஞ்சி நின்ற பழைய செங்கற் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. இடிப்பதைத் தடுக்கவோ, தம் முன்னோர் கட்டியது என்று உரிமை கோரவோ அவ்வூரில் பௌத்தக் குடி ஒன்றும் இல்லை.

நூல்களின் கதியும் இதுவே. சித்தாந்தத் தொகை, திருப்பதிகம், விம்பசாரக் கதை என்பன பெயரளவிலும் மேற்கோளாக வந்த சில பாடல்களின் அளவிலுமே கிடைக்கின்றன. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியும் முழுமையாகக் கிட்டவில்லை. எஞ்சியவற்றைக் காத்தவர் யார் என்று பார்த்தால் வியப்பு ஏற்படும். குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. அதன் தலைவி குண்டலகேசியோடும் மொக்கலனோடும் புத்தரோடுமே வாதிடுகிறாள். அந்நூலுக்குச் சமயதிவாகரம் என்னும் உரை வகுத்த வாமன முனிவர், மறுக்கப்படும் கருத்து இன்னது என்று காட்டப் பௌத்தப் பாடல்களை எடுத்துக் காட்டினார். மறுப்பதற்காக எழுதப்பட்ட ஏட்டில் மறுக்கப்பட்டோரின் குரல் தங்கியது. அந்த நீலகேசியை உரையோடு 1936-இல் பதிப்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், தமிழ்ச் சமணருக்கு மட்டுமன்றித் தமிழ்ப் பௌத்த வரலாற்றுக்கும் அரும்பணி செய்தவராகிறார்.

பௌத்தம் தமிழ் மண்ணில் தேய்ந்ததற்குக் காரணங்கள் பல. பக்தி இயக்கத்தின் எழுச்சி, அரசர் ஆதரவின் மாற்றம், கடல் வாணிகத்தில் நேர்ந்த மாறுதல் ஆகியவற்றை வரலாற்றாசிரியர் கூறுவர். அவற்றுட் பல சமணத்தையும் தாக்கின. அவ்வாறிருந்தும் சமணம் எஞ்சியதற்குக் கூறப்படும் காரணங்களுள் முதன்மையானது, துறவறத்தையும் இல்லறத்தையும் அது பிணைத்த முறை. சாவகரும் சாவகியரும் சங்கத்தின் உறுப்பினர் என்னும் கொள்கை பௌத்தத்திலும் உண்டு. உபாசகர், உபாசிகையர் என்று அது கூறும். ஆயினும் சமணம் அதனைச் சமையலறை வரை கொண்டு சென்றது. பொழுது சாயுமுன் உண்பது, நீரை வடிகட்டிப் பருகுவது, கிழங்கும் தேனும் விலக்குவது, விரத நாளில் நோன்பிருப்பது என அறம் அன்றாடச் செயலாயிற்று. இல்லறத்தார்க்கு உரிய ஒழுக்கத்தைக் குறட்பாவில் தொகுத்த அருங்கலச்செப்பு தமிழிலேயே தோன்றியது. அதற்கு இணையான பௌத்த இல்லற நூல் எதுவும் தமிழில் வந்து சேரவில்லை. விகாரம் வீழ்ந்தபோது பௌத்தம் சாய்ந்தது. பள்ளிகள் பல அழிந்தபோதும் சமணம் வீட்டில் நின்றது. சித்தாமூர் மடத்தின் பணியும் இவ்வீடுகளைச் சார்ந்தே நிலைபெற்றது.

1898: இரண்டு தொடக்கங்கள்

மணிமேகலை அச்சேறிய அதே 1898-இல், சென்னையில் மற்றொரு தொடக்கம் நிகழ்ந்தது. அதைச் செய்தவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). சித்த மருத்துவர், தமிழ் ஏடுகளில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அத்வைதானந்த சபை கண்டவர். 1891-இல் திராவிட மகாஜன சபையை நிறுவியவர். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் நுழைவும் கல்வியும் வேண்டி அவர் வைத்த கோரிக்கைகளைச் சாதி இந்துத் தலைவர்கள் ஏற்கவில்லை. அப்பட்டறிவு அவரை வேறு வழி தேடச் செய்தது. தம் மக்கள் பழைய பௌத்தர்களே. அச்சமயத்தைக் கைவிடாமையே அவர்கள் இழிவுபடுத்தப்படக் காரணம் என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் துணை நின்றார். ஒடுக்கப்பட்ட சிறுவர்க்காக அடையாற்றில் 1894-இல் பள்ளி தொடங்கியவர் அவர். அயோத்திதாசரும் அவருடைய தோழர் கிருஷ்ணசாமியும் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, கொழும்பில் இக்கடுவை சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றனர். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினர். 1907 சூன் 19 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் வெளிவரலாயிற்று. ஓராண்டிற்குப் பின் ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. 1914-இல் பண்டிதர் மறையும் வரை அவர் எழுத்து அதில் இடையறாது வந்தது. புத்தரின் வாழ்வையும் போதனையையும் தமிழ் மரபு வழியே கூறும் ‘புத்தரது ஆதிவேதம்’ 1912-இல் நூலாயிற்று.

ஐயர் நூலை மீட்டார். அயோத்திதாசர் மக்களை நோக்கினார். அவருக்கு முன் இருந்த வினா கடினமானது. பல நூற்றாண்டுகளாக ஒரு சடங்கும் ஒரு நோன்பும் எஞ்சாத சமயத்தைக் கூலி வேலை செய்யும் குடும்பம் எங்ஙனம் கைக்கொள்ளும்? திருமணத்தை எவர் நடத்துவது? குழந்தைக்கு என்ன பெயர் இடுவது? இறந்தார்க்கு என்ன செய்வது? தீபாவளி வந்தால் வாளா இருப்பதா?

வீட்டிற்குள் வந்த பஞ்சசீலம்

இவ்வினாக்களுக்கு அச்சங்கத்தினர் கண்ட விடைகளே இக்காலத் தமிழ்ப் பௌத்தத்தின் உயிர்நாடி. புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைதலும் பஞ்சசீலம் ஏற்றலும் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் தொடக்கமாயின. திருமணம் புரோகிதரின்றிச் சரணமும் சீலமும் சொல்லி நடந்தது. குழந்தைகளுக்குக் கௌதமன், சித்தார்த்தன் போன்ற பெயர்கள் இடப்பட்டன. ஞாயிறுதோறும் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. வைசாகப் பௌர்ணமி பெருவிழாவாயிற்று. மக்கள் கணக்கெடுப்பின்போது சாதியைக் கூறாமல் பௌத்தர் என்று பதியுமாறு ‘தமிழன்’ வலியுறுத்தியது.

பஞ்சசீலத்தின் முதல் நான்கும் சமண இல்லறத்தார்க்கு அயலானவை அல்ல. கொல்லாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, பொய்யாமை ஆகியவை அணுவிரதங்களிலும் உள்ளன. ஐந்தாவதில் இரண்டும் பிரிகின்றன. சமணம் பொருளுக்கு எல்லை வகுக்கச் சொல்கிறது. பஞ்சசீலம் மயக்கும் பொருளை விலக்கச் சொல்கிறது. கள்ளும் ஊனும் தேனும் விலக்குதல் சமணத்தில் அதற்கும் முற்பட்ட அடிப்படைக் குணங்களாகக் கொள்ளப்படும். ஒரு தொழிலாளிக் குடும்பத்தில் இவ்வைந்தாம் சீலம் ஏட்டளவில் நின்று விடுவதன்று. கோலார் தங்கவயலில் இது தெளிவாகப் புலப்பட்டது.

வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து கோலார் சுரங்கங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பலர் சாக்கிய பௌத்தத்தைத் தழுவினர். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் சங்கங்கள் எழுந்தன. பூமிக்கடியில் பணி, மேலே வந்தால் சாராயக் கடை. அந்நிலையில் வாழ்ந்தவன் ஐந்தாம் சீலத்தை மேற்கொள்வதென்றால், வாரக் கூலி முழுமையாக மனைவி கைக்குச் செல்கிறது. பிள்ளை பள்ளிக்குச் செல்கிறான். வீட்டில் உள்ளோர் கண்ணால் காணும் அறம் அது. அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. ஜி. அப்பாதுரையார் அவர்களின் முயற்சியால் ‘தமிழன்’ 1926-இல் அங்கே மறுபிறவி எடுத்தது. பெங்களூர், திருப்பத்தூர், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற இடமெல்லாம் கிளைகள் தோன்றின.

பண்டிகைகளின் பொருள்

அயோத்திதாசர் செய்த மற்றொரு பணி, மக்கள் ஏற்கெனவே கொண்டாடும் பண்டிகைகளுக்குப் பௌத்தப் பொருள் கண்டது. தீபாவளி அசுரனைக் கொன்ற நாள் அன்று. எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைக் கண்டு, அதை உலகிற்கு வழங்கிய நாள் என்றார். எண்ணெய் தேய்த்து நீராடுவது அதன் நினைவு என்பது அவர் விளக்கம். கார்த்திகை விளக்கை ஆமணக்கு நெய் கண்டறிந்ததோடு இயைத்தார். கொலையைக் கொண்டாடுவது அறமாகாது. மருந்தும் ஒளியும் தந்ததைக் கொண்டாடுவதே தகும் என்பது அவ்விளக்கங்களின் உட்கிடை.

இவற்றைச் சான்றுடைய வரலாறாக ஆய்வாளர் ஏற்பதில்லை. அவருடைய சொல்லாராய்ச்சிகள் பலவும் அத்தகையனவே. மேலும் சிந்தாமணி, சூளாமணி, திருக்குறள் ஆகியவற்றையும் அவர் பௌத்தச் சான்றுகளாக எடுத்தாண்டார். இதில் தமிழ்ச் சமணர் உடன்பட இயலாது. முன்னிரண்டும் ஐயத்திற்கு இடமின்றிச் சமணக் காப்பியங்கள். குறளைக் குந்தகுந்தரோடு தொடர்புறுத்திப் பொன்னூர் மலையில் அவர் திருவடியை வணங்கும் மரபு இன்றும் வாழ்கிறது. ஆயினும் அவர் அன்றிருந்த நிலையை நினைத்தால் குற்றம் கூற மனம் வாராது. தம்மவர் நூல்கள் அழிந்தன. எஞ்சியவற்றுள் எங்கெல்லாம் துறவும் அருளும் கொல்லாமையும் பேசப்பட்டனவோ, அங்கெல்லாம் தம் முன்னோர் குரல் ஒலிப்பதாக அவர் கருதினார்.

தீபாவளியைப் பொறுத்தவரை சமணர்க்கு இத்தேடல் வேண்டியிருக்கவில்லை. அது மகாவீரர் வீடுபேறடைந்த நாள் என்பது வழிவழி வந்த செய்தி. விடியலில் சினாலயம் சென்று வழிபடுவதும் வழிவழி வந்த பழக்கம். ஊரெல்லாம் ஒன்றைக் கூறும்போது தம் வீட்டில் அமைதியாக வேறொன்றைக் கூறும் ஆற்றல் அப்பழக்கத்திலிருந்து வந்தது. அயோத்திதாசர் புதிதாகப் புனைய நேர்ந்ததைத் தமிழ்ச் சமணர் பாட்டியிடமிருந்து பெற்றனர்.

அறிவு நெறியாகவும் உரிமை நெறியாகவும்

சென்னையில் அதே காலத்தில் பௌத்தத்தை வேறொரு முறையில் விளக்கியவர் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு. இயற்பியல் கற்பித்தவர், பௌத்தத்தைப் பகுத்தறிவும் ஒழுக்கமும் இணைந்த நெறியாகக் கண்டவர். ‘பௌத்தத்தின் சாரம்’ என்னும் பொருள்படும் அவருடைய ஆங்கில நூல் 1907-இல் வெளிவந்தது. அதைப் பெரிதும் மதித்த அண்ணல் அம்பேத்கர் 1948-இல் தம் முன்னுரையோடு மறுபதிப்பாக வெளியிட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14-இல், நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் அவர் பௌத்தம் தழுவினார். அன்று அவர் தொண்டர்க்கு வழங்கிய 22 உறுதிமொழிகளும் பெரும்பாலும் அன்றாட வாழ்வைப் பற்றியவை: எதை வணங்குவதில்லை, எதை அருந்துவதில்லை, பிறரை எங்ஙனம் நடத்துவது என்பன அவை. பண்டிதர் இராயப்பேட்டையில் கண்ட உண்மையை அவரும் கண்டார். சமயம் மாறுவது ஒரு நாளில் நிகழலாம், அது நிலைப்பதற்கு நாள்தோறும் செய்யும் செயல் வேண்டும்.

இன்று பெரம்பூரிலும் கோலாரிலும் உள்ள விகாரைகளிலும், சென்னை எழும்பூரில் உள்ள மகாபோதி சங்கத்திலும் வைசாகப் பௌர்ணமி கொண்டாடப்படுகிறது. தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மக்கள் வேலை தேடிப் பிரிந்தனர். பலர் வீட்டில் புத்தர் படம் இருக்கிறது. பஞ்சசீலம் சொல்லும் திருமணங்களும் நடக்கின்றன.

பொதுமக்களின் வாழ்விலும் பௌத்தச் சுவடுகள் புதைந்துள்ளன. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலை புத்தருடையதே எனத் தொல்லியல் துறை ஆய்ந்து கூற, 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது. தீர்த்தங்கரர் திருமேனிகளும் சிற்றூர்களில் வேறு பெயர்களோடு பலியும் பொங்கலும் பெற்று நிற்பதைக் களப்பணி செய்வோர் அறிவர். பிள்ளைகள் நாள்தோறும் செல்லும் ‘பள்ளி’ என்பதும் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தின் பெயரே. சிலையும் சொல்லும் எளிதில் அழிவதில்லை. அவற்றின் பொருளை அறிந்தவர் இல்லாதபோது அவை வேறொருவரின் உடைமையாகி விடுகின்றன.

கற்கத் தக்கது

அயோத்திதாசரும் அவர்தம் தோழரும் பட்ட பாட்டில் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு ஒரு செய்தி உள்ளது. இல்லறப் பழக்கம் ஒருமுறை அறுந்தால் அதை மீண்டும் முடிவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதே அது. பண்டிதரைப் போன்ற பேரறிஞர், தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் செலவிட்டு, இலங்கை வரை சென்று, இதழ் நடத்தி, நூல் எழுதி, ஒரு சிறு மக்கள் கூட்டத்தின் வீடுகளில் ஐந்து சீலங்களை ஏற்றி வைத்தார். அவர் பெற முயன்றது, வந்தவாசியையும் ஆரணியையும் திண்டிவனத்தையும் சூழ்ந்த சிற்றூர்களில் எவரும் பெரிதாகப் பேசாமல் நடந்து வந்த ஒன்று.

அவ்வூர்களிலிருந்து இளையோர் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டனர். பணி முடிந்து வீடு திரும்பும்போது விளக்கேற்றும் பொழுது கடந்து விடுகிறது. பொழுது சாயுமுன் உண்பது முதியோர் வழக்கமாகச் சுருங்குகிறது. அதற்காக இளையோரைக் கடிந்து பயனில்லை. வாழ்க்கை முறை மாறும்போது பழைய நோன்பைப் புதிய நாளுக்கு இயைய அமைத்துக்கொள்வது அறிவுடைமையே. சுரங்கத் தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வென்று கண்டு, சாக்கிய சங்கத்தார் ஞாயிறன்று கூடினர். வாரத்தில் ஒரு நாளேனும் ஒளி மங்குமுன் குடும்பமாக உண்பதும், விடுமுறை நாளில் ஸ்ரீபுராணத்தின் ஒரு பகுதியை உரக்கப் படிப்பதும், பஞ்ச நமஸ்காரத்தின் பொருளைப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லித் தருவதும் எந்நகரிலும் இயலும். விழாவும் கும்பாபிஷேகமும் ஊரைக் கூட்டும். இவை வீட்டைக் காக்கும்.

சிந்தாமணி இன்று எந்நூலகத்திலும் கிடைக்கிறது. கைப்பேசியிலும் படிக்கலாம். நூல் அழியும் என்னும் அச்சம் இனி இல்லை. மணிமேகலையும் அவ்வாறே கிடைக்கிறது. இவ்வகையில் இரண்டும் இன்று சமநிலையில் உள்ளன. 1880-களில் அவ்விரண்டையும் வேறுபடுத்தியது, கும்பகோணத்து வீதியில் கதவைத் தட்டினால் பொருள் சொல்ல ஒருவர் இருந்தார் என்பதே. இன்னும் நூறு ஆண்டு கழித்து வேறொரு சாமிநாதையர் ஐயத்தோடு வருவாராயின், அன்றும் ஒரு வாயிலில் மாவிலைத் தோரணம் இருக்க வேண்டும்; விசேடம் என்ன என்று வினவினால் விடை கூற உள்ளே ஒரு குடும்பம் இருக்க வேண்டும்.